சய ஏழா, சய இரண்டா?



தரம் ஆறிலோ ஏழிலோ படிக்கின்ற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மஃரிபுக்குப் பின் அருகில் அழைத்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள். "சய ஏழு பெரியதா, சய இரண்டு பெரியதா?" அவ்வளவுதான். அநேகமான பிள்ளைகள் யோசிக்காமலேயே "சய ஏழு" என்று சொல்லிவிடுவார்கள். கணிதமோ சய இரண்டுதான் பெரியது என்கிறது.

பிள்ளை பிழையாகச் சொன்னால் ஏசாதீர்கள். அது சும்மா வாயில் வந்ததைச் சொல்லவில்லை. ஏழு மாம்பழம் இரண்டு மாம்பழத்தை விடக் கூட என்று முதலாம் தரத்திலிருந்து நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? படித்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. பூச்சியத்தைத் தாண்டியதும் அந்தப் பாடம் எப்படித் திரும்புகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டுவதற்கு ஆள் இல்லாததே குறை. அந்த ஆள் நீங்களாக இருக்கலாம் என்று சொல்லவே இதனை எழுதுகிறேன்.

"மௌலவிக்கு ஏன் இந்தக் கணக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிப்பவன். ஆனால் அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்குக் கணக்கு புதிதல்ல. பராயிழ் என்னும் வாரிசுரிமைப் பாடம் முழுவதும் கணக்குத்தான். மையித்தின் அடக்கச் செலவு போக, கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றி, அதன் பின் மிஞ்சுவதைத்தான் வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். சொத்து மூன்று இலட்சம், கடன் நான்கரை இலட்சம் என்றால் பங்கிட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்று சொல்வதுகூடச் சரியான விடை அல்ல. ஒன்றும் இல்லாததற்கும் கீழே ஒன்றரை இலட்சம் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்ணுடன் எனக்கு அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. கணித ஆசிரியர் வராத நாட்களில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சிலவேளை எனக்கு வரும். அப்போது பிள்ளைகளிடம் மேலே சொன்ன கேள்வியைக் கேட்பது என் வழக்கம்.

ஒருமுறை தவணைப் பரீட்சை முடிந்து ஒரு தாய் மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் புள்ளி அறிக்கை.

"மௌலவி, இவளுக்குக் கணக்கு ஏறாது. எனக்கும் ஏறல்ல. எங்கட உம்மாவுக்கும் ஏறல்ல. நல்லா ஓதுவாள், தைப்பாள். அது போதும்" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பன்னிரண்டு வயது. தாய் கோபத்தில் சொல்லவில்லை, இரக்கத்தில்தான் சொன்னார். ஆனாலும் சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தை எத்தனை பெண் பிள்ளைகளை வீட்டோடு இருத்தியிருக்கிறது! சாதாரண தரத்தில் மற்றப் பாடங்களெல்லாம் நன்றாக வந்து, கணிதம் மட்டும் தவறி, மேலே படிக்க வழியில்லாமல் போன பிள்ளைகளை உங்கள் ஊரிலும் நீங்கள் அறிவீர்கள். அந்தப் பிள்ளைகள் பதினாறு வயதில் விழுந்ததாக நாம் நினைக்கிறோம். விழுந்த இடத்தைத் தேடிப் போனால், அது பதினொரு பன்னிரண்டு வயதில், இப்படிப்பட்ட ஒரு சிறு பாடத்தில் இருக்கும்.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். −5, 2, −1, 0, 4 என்ற எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை எழுதியிருந்தது: 0, −1, 2, 4, −5. பார்த்ததும் விளங்கியது. பிள்ளைக்கு ஒழுங்கு தெரியும். முன்னால் இருக்கும் சய அடையாளத்தை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சிறு கோடு எதற்கு நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

"தைப்பாள் என்றீர்களே, வீட்டில் தையல் நாடா இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. அடுத்த நாள் இரண்டு நாடாக்களுடன் வந்தார்கள். அன்று செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் வீட்டில் செய்யலாம்.

ஒரு நாடாவை மேசையில் நீட்டி வையுங்கள். அதன் தொடக்க முனை நடுவில் இருக்கட்டும். எண்கள் 1, 2, 3 என்று வலப்பக்கமாகப் போகட்டும். இனி மற்ற நாடாவின் தொடக்க முனையை அதே நடு இடத்தில் முட்ட வைத்து, இடப்பக்கமாக நீட்டுங்கள். அதில் உள்ள எண்கள் தலைகீழாகத் தெரியும், பரவாயில்லை. இரண்டு முனையும் சந்திக்கும் இடம் பூச்சியம். வலப்பக்க எண்கள் சக எண்கள். பாடப் புத்தகம் நேர் நிறைவெண்கள் என்று சொல்வது இவற்றைத்தான். இடப்பக்க எண்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெண்கட்டியால் ஒரு சய அடையாளம் இடுங்கள். அவை மறை நிறைவெண்கள். பிள்ளையின் புத்தகத்தில் எண் கோடு என்று இருப்பது இதுவேதான். வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

சட்டம் ஒன்றே ஒன்று. இந்தக் கோட்டில் இரண்டு எண்களை எடுத்தால், வலப்பக்கம் இருப்பது பெரியது. இடப்பக்கம் இருப்பது சிறியது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

பிள்ளையின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். 3 உம் 6 உம் என்றால் 6 வலப்பக்கம். ஆகவே 6 பெரியது. பழைய பாடம் அப்படியே இருக்கிறது. 1 உம் −9 உம் என்றால் 1 வலப்பக்கம். ஒன்பது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அது பூச்சியத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஆகவே எந்தச் சக எண்ணும் எந்தச் சய எண்ணையும் விடப் பெரியது. பூச்சியமும் எல்லாச் சய எண்களையும் விடப் பெரியது. கடைசியாக −7 உம் −2 உம். இரண்டும் இடப்பக்கம்தான். ஆனால் −7 ஏழு அடி தள்ளிப் போய்விட்டது. −2 இரண்டு அடிதான் போயிருக்கிறது. இரண்டில் வலப்பக்கம் எது? −2. எனவே அதுதான் பெரியது. சய எண்களில், அடையாளத்தை விட்டுப் பார்க்கும்போது எது பெரிதாகத் தெரிகிறதோ அதுவே சிறியது.

அந்த மகள் விரலை இடப்பக்கக் கடைசியில் வைத்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே வாசித்தாள்: சய ஐந்து, சய ஒன்று, பூச்சியம், இரண்டு, நான்கு. பரீட்சையில் பிழைத்த கணக்கு அவள் விரலடியில் சரியாகிவிட்டது.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. காலையில் பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழ் வாசிக்கும் பிள்ளை, மாலையில் குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக ஓதுகிறது. அரபி எழுதிப் பழகிய என் கைக்கும் வரி வலப்பக்கம்தான் தொடங்கும். ஆகவே சில பிள்ளைகள் கோட்டை வலப்பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அதற்கும் ஏச வேண்டாம். "இந்தக் கோட்டில் நடை இடமிருந்து வலம்" என்று ஒருமுறை சொன்னால் போதும். நல்ல காரியத்தில் வலதை முற்படுத்திப் பழகியவர்கள் நாம். வலது பெரியது என்று ஞாபகம் வைப்பது நம் பிள்ளைக்குக் கடினமா?

நாடாவை மடிக்கும்போது, இவ்வளவு நேரமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த தாய் வாய் திறந்தார். "அப்படியென்றால் மௌலவி, இது கடைக்கொப்பி மாதிரித்தானே? ஏழாயிரம் கடன் உள்ளவளும் ரெண்டாயிரம் கடன் உள்ளவளும் ஒன்றா? ரெண்டாயிரம்காரிதானே மேலே நிற்கிறாள்!"

கணக்கு ஏறாது என்று சொன்னவர் சொன்ன விளக்கம் இது. நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. மாதம் முழுவதும் கடைக்கொப்பியையும் சீட்டுக்காசையும் அடகு வைத்த நகையின் வட்டித் திகதியையும் மனதிலேயே சுமக்கின்ற ஒரு பெண்ணுக்குக் கணக்கு ஏறாது என்று யார் சொன்னது? மகள் தாயின் முகத்தைப் பார்த்த பார்வையில் வியப்பு இருந்தது.

ஆனால் இந்த இடத்தில் ஒரு சொல் நம்மைத் தடுமாற வைக்கும், கவனியுங்கள். ஏழாயிரம் ரூபாய்க் கடன் பெரிய கடன். அதில் சந்தேகம் இல்லை. அப்படியிருக்க, −7000 சிறிய எண் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கடன் எவ்வளவு என்று கேட்டால், பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அந்தத் தூரம் ஏழாயிரம், அது பெரியது. கைநிலைமை எப்படி என்று கேட்டால், கோட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்கிறோம். அந்த இடம் தாழ்ந்தது. ஆகவே அது சிறியது. தூரத்தையும் இடத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் பிறகு ஒருநாளும் குழம்பாது.

அந்தச் சகோதரி அன்று இன்னொன்றும் கேட்டார். கடந்த வருடம் இதே மாதத்தில் தனக்கு எண்பத்தையாயிரம் கடன் இருந்ததாம். சாப்பாட்டைக் குறைத்து, இரவில் தைத்து, இப்போது ஐம்பதாயிரமாகக் கொண்டு வந்திருக்கிறாராம். "ஆனால் என்ன, இன்னும் கடன்காரிதானே" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கொப்பி எடுத்து ஒரு கோடு கீறினேன். −85,000 ஐ இடப்பக்கத்திலும் −50,000 ஐ அதற்கு வலப்பக்கத்திலும் குறித்தேன். "பூச்சியம் இன்னும் தூரம்தான். ஆனால் ஒரு வருடத்தில் வலப்பக்கமாக முப்பத்தையாயிரம் நடந்திருக்கிறீர்கள். இதைக் கணிதம் முன்னேற்றம் என்றே எழுதும்" என்றேன். பூச்சியத்துக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள், சிறுகச் சிறுகக் கடன் அடைப்பதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அல்லது, "எப்படியும் கடன்தானே, இன்னும் ஒரு பத்தாயிரம் வாங்கினால் என்ன" என்று இடப்பக்கம் திரும்பி நடக்கிறார்கள். −50,000 உம் −60,000 உம் ஒன்றல்ல. இது தெரிந்த குடும்பம் தவணைக்குக் கொடுக்கும் வியாபாரி படலையைத் தட்டும்போது ஒருமுறை யோசிக்கும்.

சமையலறையிலும் இந்தக் கோடு இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். இறைச்சி உறையவைக்கும் பகுதி −18 பாகை அளவில் இருக்க வேண்டும். தண்ணீர் உறையும் இடம் பூச்சியம். இப்போது கதவிலேயே எண்ணைக் காட்டும் பெட்டிகள் வந்துவிட்டன. 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி மின்சாரம் போய் வந்த பின் −18 இருந்த இடத்தில் −6 என்று இருந்தால், உள்ளே குளிர் கூடியதா, குறைந்ததா? பதினெட்டை விட ஆறு சிறியது, ஆகவே வெப்பநிலை குறைந்திருக்கிறது என்று சய அடையாளத்தைப் பார்க்காதவர் நினைப்பார். கோட்டில் பாருங்கள்: −6, −18 க்கு வலப்பக்கம். பெட்டிக்குள் பன்னிரண்டு பாகை சூடு ஏறியிருக்கிறது. இன்னும் ஆறு பாகை ஏறினால் பூச்சியம். பெருநாள் இறைச்சியிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கும். இந்த எண்ணைப் பிழையாக வாசித்தால் பிள்ளைகளின் வயிறு பதில் சொல்லும்.

பத்திரிகை வாசிக்கும்போதும் இது தேவைப்படுகிறது. நம் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 2022இல் −7.3 வீதம், 2023இல் −2.3 வீதம், 2024இல் 5 வீதம். 2022இல் இருந்ததை விட 2023 பெரிய எண்தான். கோட்டில் வலப்பக்கம் வந்துவிட்டது. ஆனால் பூச்சியத்தைத் தாண்டவில்லை. அதன் பொருள் என்ன? நாட்டின் உற்பத்தி 2023இலும் குறைந்தது. குறைந்த வேகம்தான் தணிந்தது. பூச்சியத்தைத் தாண்டி வலப்பக்கம் வந்தது 2024இல்தான். "முன்னேறிவிட்டோம்" என்று ஒருவரும் "இன்னும் விழுகிறோம்" என்று இன்னொருவரும் 2023ஐப் பற்றிச் சண்டை பிடித்தால், ஒருவர் சொல்வதில் பாதியும் மற்றவர் சொல்வதில் பாதியும் இருக்கிறது என்று எண் கோடு தெரிந்த பெண் சொல்லிவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் பிள்ளைக்கு உடனே விளங்காவிட்டால் கவலைப்படாதீர்கள். பெரிய அறிஞர்களே தயங்கி நின்ற இடம் இது. இந்தியாவில் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் எழுதிய நூலில், சக எண்ணைச் செல்வம் என்றும் சய எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு அவற்றுக்கு விதிகள் வகுத்தார். பார்த்தீர்களா, அந்தச் சகோதரியின் கடைக்கொப்பிதான் அங்கும்! ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து அல்ஜப்ர் என்னும் கலையையே தந்த முஹம்மத் பின் மூஸா அல்குவாரிஸ்மி, தம்முடைய சமன்பாடுகளில் சய எண் தலைகாட்டாதபடி அவற்றை ஆறு வகைகளாகப் பிரித்து வைத்தார். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, எழுத்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் எழுதிய கணக்கு நூலில் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவதைக் கடன் என்றே குறித்தார். பூச்சியத்துக்கு நாம் சைபர் என்று சொல்வதும் வெறுமை என்று பொருள்படும் ஸிஃப்ர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கடனைக் கொண்டு விளக்கிய இந்தச் சய எண்ணைக் கோட்டின் மீது நடக்க வைத்தவர் ஜோன் வாலிஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1685இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு மனிதனை நடக்க விடுகிறார். ஐந்து யார் முன்னால் போனவன் எட்டு யார் பின்னால் வந்தால், அவன் எவ்வளவு முன்னேறியிருக்கிறான்? சய மூன்று யார் என்கிறார். பிரம்மகுப்தரிலிருந்து அந்த நடைக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் சென்றிருக்கிறது. உலகத்துக்கே இவ்வளவு காலம் எடுத்த பாடத்துக்கு நம் பிள்ளைக்கு ஒரு கிழமை கொடுக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோட்டில் எண்களை ஒப்பிடுங்கள், பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள். "ராத்தா எடுத்த புள்ளியைப் பார், நீ எடுத்ததைப் பார்" என்று ஒரு வீட்டில் வளரும் இருவரை ஒரே கோட்டில் நிறுத்தினால், இடப்பக்கம் நிற்கும் பிள்ளை நடப்பதையே விட்டுவிடும். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையின் போன தவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு அடியாவது வலப்பக்கம் வந்திருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

இனி நாடாவை எடுங்கள். இரண்டு நாடா இல்லையென்றால் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் கோடு கீறிப் பிள்ளையை அதன் மேல் நடக்க விடுங்கள். பூச்சியத்தில் நிற்கச் சொல்லி, மூன்று அடி வலம், ஐந்து அடி இடம் போகச் சொல்லுங்கள்; −2 இல் நிற்கும். பிறகு கேளுங்கள்: பூச்சியம் பெரியதா, −100 பெரியதா? 1 பெரியதா, −1000 பெரியதா? −99 பெரியதா, −100 பெரியதா? விடைகள் முறையே பூச்சியம், 1, −99. −8, 5, −3, 0 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். −8, −3, 0, 5 என்று வர வேண்டும்.

பிள்ளை பிழைவிட்டால் சரியான விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "எது வலப்பக்கம் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தைப் பிள்ளையே சொல்லும்.